விடுமுறைக்குக் காட்டுக்குப் போவோம்

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் 'பருவ விடுமுறைச் சுற்றுலா' என்ற தலைப்பு வந்ததும் தூங்கிக் கொண்டிருப்பவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். பினாங்கா, கேமரன் மலையா, லங்காவியா? கை தூக்கச் சொல்வார்கள். எண்ணுவார்கள். பேருந்துக்கு முன்பணம் கட்டுவார்கள். நான் படித்த காலத்திலும் இப்படித்தான். பட்டம் வாங்கி வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்து இன்றைய தம்பி தங்கைகளைக் கேட்டாலும் அதே மூன்று பெயர்கள்தாம்.

அந்த ஊர்களின்மேல் எனக்குக் கோபமில்லை. பினாங்குத் தண்ணீர்மலையை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால், தமிழுக்கென்று அமைந்த ஒரு கழகம் போடும் பயணத் திட்டத்தில் ஒருமுறையாவது தாமான் நெகாரா இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டு, பகாங் காட்டுக்குள் சென்று, கிழக்குக்கரை இரயில் பாதை போகும் ஊர்கள் வழியாகத் திரும்பி, மீண்டும் கோலாலம்பூரில் வந்து முடியும் மூன்று நாள் பயணமாக அது இருக்க வேண்டும்.

ஏன் காடு என்று கேட்பீர்கள்.

நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: காட்டை அழித்து நாட்டை ஆக்கியவர்கள் நாம். பொய்யில்லை. 1930களின் இறுதியில் மலாயாவில் முப்பது லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் ரப்பர் நின்றது. பெரிய தோட்டங்களில் முதுகு வளைத்தவர்களில் பெரும்பாலோர் நம் பாட்டன் பாட்டிமார். பேச்சுப் போட்டியில் இதைச் சொல்லும்போது குரல் உயர்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அழித்த காடு எப்படி இருந்தது என்று பேசியவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாது. கைதட்டியவருக்கும் தெரியாது.

கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் என் பாட்டி பால்மரம் சீவியவர். "காட்டுக்குப் போறேன்" என்று அவர் சொன்னால் வேலைக்குப் போகிறார் என்று பொருள். 'வெளிக்காட்டு வேலை' என்றால் புல் வெட்டுவது, உரம் போடுவது, மருந்தடிப்பது. மலேசியத் தோட்ட வாழ்க்கையை வைத்து அகிலன் எழுதிய நாவலுக்குக்கூட 'பால்மரக் காட்டினிலே' என்றுதான் பெயர். காடு என்ற சொல்லையே நாம் தோட்டத்துக்குக் கொடுத்து விட்டோம். வரிசை பிடித்து, எண் போட்டு, ஒரே வயதில் நிற்கும் மரங்களைக் காடு என்று அழைத்துப் பழகிய வாய்க்கு உண்மையான காட்டைச் சொல்லத் தனிச் சொல் மிஞ்சவில்லை. தோட்டமும் போய், பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபின் பிறந்த நமக்கு இரண்டு காடும் இல்லை.

தமிழியல் மாணவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதே மாணவரிடம் இந்த நாட்டுக் காட்டு மரங்களில் ஐந்தைச் சொல்லச் சொன்னால் துரியானோடு நின்றுவிடுகிறார். தாமான் நெகாராவில் துவாலாங் என்ற மரம் உண்டு. 80 மீட்டருக்கும் மேல் வளரக் கூடியது. அதன் வழவழப்பான உயர்ந்த கிளைகளில் காட்டுத் தேனீக்கள் பெரிய பெரிய அடைகளைத் தொங்கவிடும். மலைத்தேனைப் பாடமாக மட்டுமே படித்தவர்கள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். விரிவுரையாளர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் புரியாத பாட்டு அங்கே பாதி புரிந்துவிடும்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் காராக் நெடுஞ்சாலை, தெமர்லோ, ஜெராண்டுட் வழியாகக் கோலா தகானுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். சாலை வருவதற்கு முன்பு கோலா தெம்பெலிங் துறையிலிருந்து மூன்று மணி நேரம் படகில் போக வேண்டியிருந்தது. இன்று வாகனம் கிராமம்வரை போகும். கிராமம் ஒரு கரை, காடு மறுகரை. நடுவில் தெம்பெலிங் ஆறு. சிறு படகில் கடந்தால் வனவிலங்குத் துறையின் அலுவலகம். அனுமதிச் சீட்டை அங்கே எடுக்க வேண்டும். முதல் நாளே புக்கிட் தெரேசெக் ஏறிவிடலாம். 334 மீட்டர்தான், பழக்கமில்லாதவர்களும் ஏறுவார்கள். மரங்களுக்கு இடையே கட்டிய தொங்கு நடைபாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதுண்டு. கேட்டுக்கொண்டு போங்கள். 2,187 மீட்டர் உயரமுள்ள தகான் மலைக்குப் போக நாள் கணக்காக நடக்க வேண்டும். அதைக் கழகச் சுற்றுலாவில் சேர்க்க நினைக்கும் வீரர்கள் தனியே போய்வருவது நல்லது.

இந்த வனத்தின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் விரிந்து கிடக்கிறது. 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்று அமைக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் தாமான் நெகாரா ஆனது. இது அமைவதற்கு முதன்மைக் காரணமாக இருந்தவர் தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர். அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. யானையையும் காட்டெருதையும் வேட்டையாடி, அதைப்பற்றி 1905இல் நூலும் எழுதியவர். பிற்காலத்தில் மனம் மாறி, வனவிலங்கு ஆணையராக நாடெங்கும் விசாரித்து 1932இல் அறிக்கை கொடுத்தார். பயிரைக் கெடுக்கும் விலங்குகளைச் சுட்டுத் தீர்க்க வேண்டும் என்று தோட்டத் துரைமார் வற்புறுத்திய காலம் அது.

இந்தப் பெயரைப் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. தியோடரின் அண்ணன் ஆர்தர் ஹப்பேக் கட்டடக் கலைஞர். பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில், 1910இல் திறக்கப்பட்ட பழைய கோலாலம்பூர் இரயில் நிலையமும், அதற்கு முந்தைய ஆண்டில் எழுந்த ஜாமேக் பள்ளிவாசலும் அவர் வரைந்தவை. தம்பியின் காட்டில் தொடங்கி அண்ணனின் இரயில் நிலையத்தில் முடிக்கலாம். இதைவிடப் பொருத்தமான பாதை கிடைக்குமா?

திரும்பும் வழியை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இரயில்தான். வந்த வழியே நெடுஞ்சாலையில் ஏறிவிடாமல், ஜெராண்டுட்டிலிருந்து பெந்தாவுக்கு வந்து, கொஞ்சம் வடக்கே திரும்பிக் கோலா லிப்பிஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகர் இதுதான். இன்று அமைதியாகக் கிடக்கிறது. கெமாசிலிருந்து தும்பாட்டுக்குப் போகும் கிழக்குக்கரைப் பாதை இந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது. 1931இல் முழுமை பெற்ற பாதை. பத்தே ஆண்டுகள் கழித்து ஜப்பானியர் வந்தார்கள்; மெந்தகாப்பிலிருந்து வடக்கே நீண்ட தூரத்துக்குத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். தண்டவாளம் போன அதே சயாமுக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை ஏற்றிப் போனார்கள். பலருக்குத் திரும்பி வரும் கொடுப்பினை இல்லை. சயாம் மரண இரயில் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறோம், நல்லது. அந்த மேடையில் நின்றவர்களில் எத்தனை பேர் கோலா லிப்பிஸ் நிலையத்தின் நடைமேடையில் நின்றிருக்கிறார்கள்? அங்கிருந்து ரவூப், பெந்தோங் வழியாகப் பொழுது சாய்வதற்குள் கோலாலம்பூர் வந்துவிடலாம்.

பெற்றோர் விடமாட்டார்கள் என்பது முதல் தடை. குறிப்பாகப் பெண்பிள்ளைகளை. "காட்டுல என்னம்மா இருக்கு? கோயிலுக்குப் போனாலாவது புண்ணியம்" என்று என் அம்மாவே அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. விரிவுரையாளர் ஒருவர் உடன் வருவது, தங்கும் இடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும், மாணவர் விவகாரப் பிரிவின் அனுமதிக் கடிதம் - இவற்றை வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பினால் பாதி அச்சம் தீரும். காட்டுக்குள் பதிவு பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். செலவு என்பார்கள். லங்காவிக்கு ஆகும் செலவைவிட இது கூடுதலாக வராது. அட்டை கடிக்கும் என்பார்கள். கடிக்கும்தான். நீண்ட காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும்.

இன்னொன்றையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்தக் காடு பாத்தேக் பூர்வக்குடியினரின் வீடு. சுற்றுலா முகவர்கள் அவர்களுடைய குடியிருப்புக்கு அழைத்துப் போய், ஊதுகுழலில் அம்பு விடுவதைக் காட்டி, படம் எடுக்கச் சொல்வார்கள். நம் செயலவை அதற்குக் கையெழுத்திடுமுன் யோசிக்க வேண்டும். 2019இல் கிளந்தான் கோலா கோவில் தட்டம்மை பரவி இதே பாத்தேக் மக்களில் பலர் இறந்தார்கள். தோட்டத்து லயன்களுக்கும் ஒரு காலத்தில் வெளியாட்கள் படப்பெட்டியோடு வந்தார்கள். மூக்கு ஒழுகும் பிள்ளைகளைப் படமெடுத்தார்கள்; பெயர் கேட்கவில்லை. நாமும் அதையே செய்யப் போகிறோமா? அவர்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தால் அவருக்குரிய கூலியைக் கொடுத்து, அவர் காட்டும் செடியின் பெயரை அவர் மொழியிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். மொழிக் கழகத்துக்கு இதைவிட வேறென்ன வேலை?

மூன்று நாள் முடியாதவர்களுக்குக் கிள்ளான் நண்பர்கள் ஒரு நாளில் வழிகாட்டலாம். காப்பார், ஜெராம் வழியாகக் கோலா சிலாங்கூர். 1987இல் திறந்த இயற்கைப் பூங்காவில் அலையாத்திக் காடு, மெலாவத்தி குன்றில் குரங்குக் கூட்டம், இருட்டியபின் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி. அதுவும் முடியாதென்றால் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. ஈயச் சுரங்கம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் மனிதர்கள் மீண்டும் வளர்த்த காடு. 2025இல் உலகப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு ஒரு சான்று. 2020இல் சிலாங்கூரில் கோலா லங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் 930 ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலத்தைக் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் வெளியானது. பூர்வக்குடியினரும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் அதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டதாகத் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்து, செப்டம்பரில் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் காடு அது. அந்தப் பேச்சு நம் கழகங்களின் வாசலுக்கு வந்த நினைவு எனக்கில்லை. 2022இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. நாட்டின் சின்னத்தில் நிற்கும் விலங்கு. காட்டை ஒரு தடவையாவது மிதித்தவருக்குத்தான் இந்த எண் செய்தியாகத் தெரியும். மற்றவர்களுக்கு அது பொது அறிவுப் போட்டிக் கேள்வி.

வெளிநாட்டில் குடியேறிவிட்ட நம் முன்னாள் மாணவர்கள் சிலர் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் போய்ப் படங்கள் அனுப்புகிறார்கள். 1872இல் உருவான, உலகின் முதல் தேசியப் பூங்கா. ஆறு மாதம் திட்டமிட்டு, வாடகைக்கு வண்டி எடுத்து, பிள்ளைகளுக்கு விலங்குகளின் பெயர் சொல்லிக் கொடுத்துப் போகிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. தாயகம் வரும்போது அந்தப் பிள்ளைகளைப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டோடு நிறுத்திவிடாமல், இன்னும் நான்கு மணி நேரம் ஓட்டுங்கள். மாணவர் பயணத்துக்கு ஒரு வேன் வாடகையை ஏற்றுக்கொள்ள முன்வரும் அண்ணன்மார் அக்காமாரும் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

செயலவைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நவம்பர் முதல் ஜனவரி வரை நாள் குறிக்காதீர்கள். 2014 டிசம்பர் வெள்ளத்தில் தெம்பெலிங் ஆறு பெருகி, அங்கே சிக்கிய பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. மார்ச் முதல் செப்டம்பருக்குள் வரும் விடுமுறையைப் பாருங்கள். மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கடிதத்தைப் பருவத் தொடக்கத்திலேயே கொடுத்து விடுங்கள். கோலா தகானின் மிதக்கும் உணவகங்களில் சைவம் எளிதில் கிடைக்காது. புறப்படும் அன்று விடியற்காலையில் பிரிக்பீல்ட்ஸில் புளிச்சோறு கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவுவரை தாங்கும்.