வைனுக்கு இல்லாத தீட்டு மாட்டுக்கறிக்கு ஏன்?

சுட்ட மாட்டுக்கறிக்கு அழுத்தமான சிவப்பு வைன்தான் பொருத்தம் என்கிறார்கள் வைன் பிரியர்கள். காரணமும் உண்டு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் துவர்ப்பு, கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது அடங்கிவிடும். நட்சத்திர ஓட்டலில் இதற்குப் பெயர் ஸ்டேக். சாப்பிடுகிறவர் ரசனை மிக்கவர்.

நசரத்பேட்டையில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில் நண்பர்களோடு இதையே செய்தோம். மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். காலி பாட்டிலைப் பார்த்து, "ஃபாரின் சரக்கா தம்பி?" என்று சிரித்தார். என்ன கறி என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். குடித்ததற்காகத் துரத்தியிருந்தால்கூட விவாதித்திருப்பேன். அவர் கேட்க நினைத்தது என் சாதியை.

"நம்ம பண்பாடு" என்றார். எந்தப் பண்பாடு? புறநானூறு 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பொற்கலத்தில் பருகி வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். பொருநராற்றுப்படையில் கரிகாலன் விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட கறியும் கள்ளும் உண்டு. அகநானூற்றில் மழவர் கொழுத்த பசுவைக் கொன்று தின்கிறார்கள். இந்தப் பாட்டுகளுக்கெல்லாம் வீடு தர மறுப்பாரா?

வீட்டுக்காரர் ஒருவரின் வியாதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2017 மே மாதம், மாட்டுச் சந்தைக் கட்டுப்பாடுகளை எதிர்த்து மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட சென்னை ஐஐடி ஆய்வு மாணவர் கண்ணில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். 2022 மே மாதம், திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில எஸ்சி, எஸ்டி ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. பெரியார் மண் என்று பேசுகிறவர்கள் ஆளும்போது நடந்தது இது.

தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் கண்டவர் அம்பேத்கர். தீண்டப்படாதோர் பற்றி 1948-இல் வெளிவந்த அவருடைய நூலின் மைய வாதமே அதுதான். ஆகவே உணவு தனிமனித ருசி மட்டுமே என்று நம்மிடம் யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

வைன் விஷயத்துக்கு வருவோம். மிளகாய் தூக்கலாகப் போட்ட நம் சுக்காவுக்குத் துவர்ப்பு மிகுந்த வைன் ஒத்துவராது, எரிச்சலை ஏற்றும். பழச்சுவை கூடிய ஷிராஸ் எடுங்கள். பிடிக்காவிட்டால் மோர் குடியுங்கள். அதை முடிவுசெய்ய நாக்கு போதும். தட்டில் எந்தக் கறி என்பதை வீட்டுக்காரரும் ஆட்சியரும் முடிவுசெய்ய விடமாட்டோம்.