விலாசம் தவறிய பார்சல்

புதிதாக ஒரு வித்தையைக் கற்கப் புகுகிறவர்கள் முதலில் படும் துன்பம் பெரும்பாலும் வித்தையினால் நேருவதன்று. அதன் வாசற்படியில் நேருவது. வீணை கற்கும் பெண்ணை முதலில் அழவைப்பது ராகமா? இல்லை, சுருதி சேராத தந்திதான். கம்ப்யூட்டரில் பைத்தான் பாஷையைக் கொண்டு இணையதளம் கட்ட முற்படும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கதையும் இதுவே. ஆகவே இவ்வாரம் அந்த வாசற்படியைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று உத்தேசம்.

பைத்தான் என்பது கைடோ வான் ராஸம் என்பவர் 1991இல் வெளியிட்ட கம்ப்யூட்டர் பாஷை. இணையதளம் கட்டுகிறவர் ஒவ்வொரு செங்கல்லையும் தாமே சுட வேண்டாம் என்பதற்காக, அந்தப் பாஷையில் ஆயத்தமான சட்டகங்கள் இருக்கின்றன. அவற்றுள் பிரசித்தமானது ஜாங்கோ. 2003இல் அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்தில், லாரன்ஸ் என்னும் ஊரின் தினசரிப் பத்திரிகைக் காரியாலயத்தில், ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் அதை உருவாக்கினர். 2005இல் அது உலகுக்குப் பொதுவாயிற்று. பத்திரிகைக் காரியாலயத்தில் பிறந்த குழந்தை என்பதால் நமக்கு அதனிடம் சற்று அபிமானம் உண்டு. 2010இல் தோன்றிய ஃபிளாஸ்க் என்பது இன்னும் சிறிய சட்டகம். எழுதவும், ஓட்டிப் பார்க்கவும், பிழை தேடவும் ஒரே திரையில் வசதி செய்து தரும் பைசார்ம், விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எழுதுகருவிகளில் இவற்றைப் பொருத்தித்தான் மாணவர்கள் வேலை தொடங்குகிறார்கள்.

தொடங்கியவுடனேயே வருகிறது வினை. டெர்மினல் என்னும் கட்டளைப் பலகையில் "பிப் இன்ஸ்டால் ஜாங்கோ" என்று எழுதுகிறார்கள். "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்று பதில் வருகிறது. பிறகு எழுதுகருவியில் நிரலை ஓட்டினால், "ஜாங்கோ என்ற பெயரில் எதுவும் இல்லை" என்கிறது அதே கம்ப்யூட்டர்! கையில் வெண்ணெயை வைத்துக் கொண்டு நெய்க்கு அலைவதென்றால் இதுதான்.

நம்மிடம் படித்துக் கல்லூரிக்குச் சென்ற மாணவி ஒருத்தி இந்த இடத்தில் மூன்று நாள் நின்றாள். ஜாங்கோவை ஆறு தடவை அழித்து ஆறு தடவை நிறுவினாள். கடைசியில், "எனக்கு இதற்கு வேண்டிய மூளை இல்லை, வேறு பாடத்துக்கு மாறிவிடலாமென்றிருக்கிறேன்" என்று சொன்னாள். கணக்கில் எப்போதும் முதல் வரிசையில் இருந்த பெண் அவள். தமிழில் படித்து வந்த குழந்தைக்கு, சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தி வெறும் தகவலாகத் தெரிவதில்லை; தன்மீது எழுதப்பட்ட தீர்ப்பாகவே தெரிகிறது.

உண்மையில் நடப்பது என்ன? மேலவீதியில் இராமசாமி என்ற பெயருடன் நால்வர் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கதவிலக்கம் எழுதாமல் "இராமசாமி, மேலவீதி" என்று பார்சல் அனுப்பினால், அது யாராவது ஓர் இராமசாமியிடம் போய்ச் சேரும். நாம் வேறோர் இராமசாமியிடம் சென்று கேட்டால், "எனக்கொன்றும் வரவில்லையே" என்பார். தபால்காரர் பொய் சொல்லவில்லை. இராமசாமியும் பொய் சொல்லவில்லை. ஒரு கம்ப்யூட்டரிலும் இப்படிப் பல பைத்தான்கள் குடியிருக்கக்கூடும். லினக்ஸ் யந்திரமானால் அதனுடனேயே வந்தது ஒன்று. பைத்தான் தளத்திலிருந்து நாமே இறக்கியது ஒன்று. ஏதோ வகுப்புக்காக நிறுவிய அனகோண்டா தன்னுடன் அழைத்து வந்தது ஒன்று. வேலைக்கான கோப்புறைக்குள் தனியாக உண்டாக்கியது ஒன்று. பிப் என்னும் தபால்காரர் ஒரு பைத்தானிடம் ஜாங்கோவைக் கொடுத்திருக்கிறார். எழுதுகருவி வேறொரு பைத்தானின் கதவைத் தட்டுகிறது. மறுபடி மறுபடி நிறுவினால் அதே தவறான வீட்டுக்கே மீண்டும் பார்சல் போகும்.

ஆகையால் முதற் காரியம் விலாசம் விசாரிப்பது. "இம்போர்ட் சிஸ்" என்று ஒரு வரி, "பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)" என்று இன்னொரு வரி. இவ்விரண்டையும் டெர்மினலில் திறந்த பைத்தானிடம் ஒரு முறையும், எழுதுகருவியின் ஓட்டு பொத்தானை அழுத்தி ஒரு முறையும் கேட்க வேண்டும். தான் எங்கே குடியிருக்கிறேன் என்பதைப் பைத்தான் தன் வாயாலேயே சொல்லிவிடும். இரண்டு விலாசங்களும் வெவ்வேறானால் நோய் தெரிந்துவிட்டது.

இனி மருந்து. 2012இல் வெளியான பைத்தான் 3.3 முதல், ஒவ்வொரு வேலைக்கும் தனிக்குடித்தனம் வைக்கும் வசதி கூடவே வருகிறது. வேலைக்கான கோப்புறையில் நின்று "பைத்தான் -எம் வென்வ் .வென்வ்" என்று எழுதினால் அந்தக் குடித்தனம் உண்டாகும். சில யந்திரங்களில் பைத்தான்3 என்று அழைக்க வேண்டியிருக்கும். பிறகு எழுதுகருவிக்கு அந்த வீட்டைக் காட்ட வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, "பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரட்டர்" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், பைசார்மில் செட்டிங்ஸ் பக்கத்தில் பைத்தான் இன்டர்ப்ரட்டர் என்ற பகுதி இருக்கிறது. பழைய டெர்மினல் பழைய வீட்டையே நினைத்துக் கொண்டிருக்குமாதலால், அதை மூடிப் புதியதைத் திறந்து, "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ" என்று எழுத வேண்டும். வெறும் பிப் என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இப்படி அழைத்தால், அழைத்த பைத்தானின் வீட்டிலேயே பார்சல் இறங்கும்.

டெபியன் 12 போன்ற புதிய லினக்ஸ்களில், யந்திரத்தின் சொந்தப் பைத்தானில் எதையும் நிறுவக் கூடாதென்று பிப் மறுத்துவிடும். அந்தத் தடையை மீறும் வழியைச் சொல்லித் தருகிறவர்கள் உண்டு, கேட்க வேண்டாம். அந்தப் பைத்தானை நம்பி யந்திரத்தின் மற்றக் காரியங்கள் நடக்கின்றன. தனிக்குடித்தனமே அங்கும் வழி.

இவ்வளவு செய்தும் ஓடவில்லையா? இன்னும் சில சில்லறைக் காரணங்கள் உள. உங்கள் கோப்புக்கே ஜாங்கோ என்றோ ஃபிளாஸ்க் என்றோ பெயர் வைத்திருந்தால், பைத்தான் அசலை விட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும், பெயரை மாற்றுங்கள். ஜாங்கோவின் உட்கோப்பு ஒன்றைத் தனியே ஓட்டினால் அமைப்பு விவரம் இல்லையென்று முறையிடும்; மேனேஜ் கோப்பின் வழியாக, "ரன்சர்வர்" என்று சொல்லி ஓட்டுங்கள். 8000ஆம் எண் வாசலில் வேறொருவர் இருப்பதாகச் சொன்னால், முன்பு ஓட்டியது இன்னும் நிற்காமல் இருக்கலாம். நிறுத்துங்கள், அல்லது 8001 என்று வேறு வாசல் கொடுங்கள். எதுவானாலும் பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். மேலே எத்தனை வரிகள் பயமுறுத்தினாலும், பிழை இன்னதென்பது அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும்.

மேற்சொன்ன மாணவி விலாசங்களை ஒப்பிட்டுப் பார்த்தாள், இரண்டும் வெவ்வேறு. அரைமணி நேரத்தில் ஜாங்கோவின் வரவேற்புப் பக்கம் அவள் திரையில் வந்துவிட்டது. பாடத்தை மாற்றிக் கொள்ளும் பேச்சும் அத்துடன் நின்றது.

இதைப் படிக்கும் பெற்றோர்களில் பலருக்குப் பைத்தானும் தெரியாது, பிப்பும் தெரியாது. பாதகமில்லை. நடு இரவில் திரைக்கு முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "உனக்கு வராவிட்டால் விட்டுவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நிறுவின இடமும் ஓட்டுகிற இடமும் ஒரே விலாசந்தானா, பார்த்தாயா?" என்று கேளுங்கள். உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமென்று பிள்ளை வியப்படையும்; அதற்குள் கை விசைப்பலகைக்குப் போய்விடும்.