பாம்பேயில் இல்லாத பாம்பே டோஸ்ட்

பாளையங்கோட்டையிலிருந்து மைனி வந்திருந்தார். கேட்வே, மகாலட்சுமி கோயில், தாதர் சேலைக் கடைகள் எல்லாம் மூன்றே நாளில் முடிந்துவிட்டன. நான்காம் நாள் காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “ஏட்டி, இங்க பாம்பே டோஸ்ட் எந்தக் கடையில நல்லா இருக்கும்?”

தாராவியில் பிறந்து, செம்பூரில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பது வயதைத் தொட்டுவிட்டேன். இந்த ஊரில் எந்தக் கடைப் பலகையிலும் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. “அப்படின்னா என்ன மைனி?” என்றேன். சொந்தத் தெருவின் பெயரே தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “முட்டை, பால், சீனி எல்லாம் அடிச்சு, ரொட்டிய அதுல முக்கி, தோசைக்கல்லுல நெய் விட்டுப் போடுவாங்கள்லா? பம்பாயிலயே இருந்துக்கிட்டு பாம்பே டோஸ்ட் தெரியாதுங்கியே!”

அட, பிரெஞ்சு டோஸ்ட்! நம்மூர் பேக்கரிகளிலும் வீடுகளிலும் அதற்கு பாம்பே டோஸ்ட் என்று யார் பெயர் வைத்தார்களோ. கடலைமாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு அதற்கு பாம்பே சட்னி என்று பெயர் சூட்டியவர்களின் பங்காளிகளாக இருக்க வேண்டும். அந்தச் சட்னியைக் கேட்டாலும் இந்த ஊரில் விழிப்பார்கள்.

ஆனாலும் மைனியின் மனதைக் கெடுப்பானேன் என்று மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போனேன். ராம் ஆஷ்ரய 1939-லிருந்து இருக்கிறது, கஃபே மெட்ராஸ் 1940-லிருந்து. இரண்டிலும் ஞாயிறு காலைக் கூட்டம் தெருவரை நிற்கும், ஆனால் முட்டைக்கு இடமில்லை. கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் இரானி கடையில் பன் மஸ்காவும் ஆம்லெட்டும் உண்டு. கடைசியில் ஒரு சாண்ட்விச் வண்டிக்காரரிடம் “பாம்பே டோஸ்ட்” என்று கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, உருளைக்கிழங்கு மசாலாவும் வெங்காயமும் பச்சைச் சட்னியும் வைத்து, இரும்பு அச்சில் அமுக்கிச் சுட்டுக் கொடுத்தார். மைனி ஒரு கடி கடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “காரமால்லா இருக்கு? என்ன சொன்னாலும் நம்மூரு பாம்பே டோஸ்ட் மாதிரி வராது.”

பம்பாயின் மானம் என் கையில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை நானே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். வீட்டில் ஏழு பேர். தோசைக்கல்லில் ஒரு தடவைக்கு இரண்டு துண்டு. ஆளுக்கு மூன்று என்றால் இருபத்தொன்று. கல்லின் முன்னால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். நிற்பது யார்?

இது டோஸ்ட்டைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக இருந்தால்தான் தோசை. ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொருவராகச் சாப்பிட்டு எழுவார்கள். “இன்னொண்ணு?” என்று உள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரலுக்குரியவள் சாப்பிட உட்காரும்போது மாவுச் சட்டியின் அடியில் வழித்ததுதான் மிச்சம். பூரியும் அப்படியே, சப்பாத்தியும் அப்படியே. இட்லி மட்டும் நல்ல மனசுக்காரன். ஒரு ஈட்டுக்கு எல்லோருக்கும் ஆகும். அடுப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். சமையல் குறிப்புகளில் ருசி எழுதியிருக்கிறது, சத்து எழுதியிருக்கிறது. செய்கிறவர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

அதனால் நான் தேடியது டோஸ்ட்டின் இட்லி வடிவத்தை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலையில் அப்படிச் செய்வார்கள். ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, முட்டைப் பாலை ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, காலையில் அப்படியே ஓவனுக்குள் தள்ளிவிடுவது. நிற்க வேண்டியதில்லை, புரட்ட வேண்டியதில்லை.

முதல் நாளே ஊற வைப்பது என்றதும் அம்மா சொன்னது: “இதுல என்ன அதிசயம்? பழையதுதானே!”

யோசித்தால் அம்மா சொன்னதுதான் சரித்திரமும். பிரான்ஸில் இந்தப் பலகாரத்துக்கு பிரெஞ்சு டோஸ்ட் என்று பெயர் கிடையாது. ‘பெய்ன் பெர்தூ’ என்பார்கள், வீணாய்ப்போன ரொட்டி என்று அர்த்தம். ஜெர்மனியில் அதன் பெயர் ‘ஏழை வீரர்கள்’. ரோமாபுரியின் அபிசியஸ் பெயரில் வழங்கும் பழைய சமையல் தொகுப்பிலேயே, ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றும் முறை இருக்கிறது. மிஞ்சிய சோற்றில் நாம் தண்ணீர் ஊற்றினோம், மிஞ்சிய ரொட்டியில் அவர்கள் பால் ஊற்றினார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் அதை வீணாய்ப்போனது என்றார்கள். நாம் பழையது என்பதோடு நிறுத்திக்கொண்டோம். நம் வீட்டில் சோறு பழசாகும், வீணாவதில்லை.

ராத்திரியில் தயாராகும் காலை உணவு எனக்குப் புதிதில்லை. தாராவியில், கோலி என்று நாங்கள் சொல்லும் எங்கள் அறைக்கு இரண்டு வீடு தள்ளி இட்லி போடுகிறவர்கள் இருந்தார்கள். சாயங்காலம் கிரைண்டர் ஓடத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியதும் அடுப்பு எரியும். விடிவதற்குள் அலுமினியப் பாத்திரங்களில் ஈரத் துணி விரித்து இட்லியை அடுக்கி, சட்னியைத் தூக்குவாளியில் ஊற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிப் புறப்பட்டுவிடுவார்கள். ரப்பர் ஹார்னை அமுக்கும் அந்த ‘பாம் பாம்’ சத்தம் சந்து முனையில் தேய்ந்து மறைவதுதான் எனக்கு அலாரம். இந்த மாநகரத்தில் ஆபீசுக்கு ஓடும் வழியில் தெருவோரம் நின்று நாலு இட்லி தின்கிறவர், தாராவியில் யாரோ தூங்காத ராத்திரியைத்தான் தின்கிறார்.

அம்மாவும் ராத்திரியே மாவரைத்து வைத்துவிடுவாள். ஆனாலும் நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். குழாயில் தண்ணீர் அப்போதுதான் வரும். அப்பாவுக்கு மில்லில் முதல் ஷிப்ட். மாவு தயாராக இருந்தது, அம்மாவுக்குத்தான் ஓய்வு தயாராக இல்லை. நான்கடிக்கு ஆறடி அடுக்களையில் அவள் நின்றுதான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தால் எழுவதற்கு இடம் கிடையாது.

சரி, டோஸ்ட்டுக்கு வருகிறேன். சனிக்கிழமை வரை பொறுக்காமல் புதன்கிழமையே ஒத்திகை பார்த்தேன். காலையில் வாங்கிய புத்தம் புது ஸ்லைஸ் ரொட்டி, தாராளமாகப் பால். மறுநாள் ஓவனிலிருந்து வந்தது இனிப்புக் களி. மைனி மரியாதைக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டார். புது ரொட்டியில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. பால் பட்டதும் தாங்காமல் கரைந்துவிடுகிறது. ஒரு நாள் கிடந்து வறண்ட ரொட்டிதான் பாலைக் குடித்தும் உருவம் குலையாமல் நிற்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஒத்திகை, இரண்டாவது பாடம். இட்லி மாவு வைக்கிற பழக்கத்தில் தட்டை மேடையிலேயே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஜூலை மாதப் புழுக்கம். காலையில் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. இட்லி மாவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். உளுந்தோடு ஒட்டி வரும் நுண்ணுயிரிகள் மாவைப் புளிக்க வைக்கின்றன, அந்தப் புளிப்பு வேண்டாத கிருமிகளை அண்டவிடுவதில்லை. முட்டைப் பாலுக்கு அப்படிக் காவல்காரர் யாரும் கிடையாது. அதற்கு ஃப்ரிட்ஜ்தான் கதி.

மூன்றாவது தடவை ரொட்டியையே மாற்றினேன். இந்த ஊரில் ரொட்டி என்றால் பாவ்தானே. பேர் போர்ச்சுக்கீசியர் கொடுத்தது. ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் கோவாவில் கள்ளை ஊற்றித்தான் மாவைப் புளிக்க வைத்தார்களாம். ஆப்பத்துக்கு நம்மவர்கள் செய்ததையேதான் அவர்களும் செய்திருக்கிறார்கள். பேக்கரியில் லாடியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் பாவை வாங்கி ஒரு நாள் அப்படியே போட்டு வைத்தேன். எங்கள் பேக்கரிக்காரர் கவலையில் இருந்தார். விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. புகை குறைந்தால் ஊருக்கு நல்லது. விறகடுப்பில் சுட்ட பாவின் அடிப்பக்கத்து வாசம் போய்விடுமே என்பது அவர் விசனம். இரண்டும் நியாயம்தான்.

அளவு இதுதான். எட்டுப் பாவ், முட்டை ஐந்து, பால் அரை லிட்டர், சீனி ஐந்து மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. பாவைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஒன்றின் மேல் ஒன்று கோணல்மாணலாக நிற்கிற மாதிரிப் போட வேண்டும். ஒழுங்காக அடுக்கினால் மேலே மொறுமொறுப்பு வராது. முட்டையையும் பாலையும் அடித்து ஊற்றி, கையால் லேசாக அமுக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் வெளியே எடுத்து அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஜில்லென்ற கண்ணாடித் தட்டைச் சூட்டுக்குள் தள்ளினால் விரிசல் விடும். ஓவன் 180 டிகிரி. முதல் இருபது நிமிடம் ஃபாயில் மூடி, அடுத்த இருபது நிமிடம் திறந்து. நடுவில் கத்தியை இறக்கினால் ஒட்டாமல் வர வேண்டும். எதிர் ஃபிளாட் பாலக்காட்டு மாமிக்காக, முட்டைக்குப் பதில் கஸ்டர்ட் பவுடரைப் பாலில் காய்ச்சி ஊற்றி ஒரு சின்னத் தட்டும் வைத்தேன். ஓவன் இல்லாதவர்கள் இட்லிக் கொப்பரையில் அவிக்கலாம். மொறுமொறுப்பு வராது, புட்டிங் ஆகிவிடும், ஆனால் நன்றாகத்தான் இருக்கும்.

மேலே ஊற்ற அமெரிக்கர்களுக்கு மேப்பிள் பாகு. எங்களுக்கு மைனி கொண்டுவந்த உடன்குடிக் கருப்பட்டி. அதைத் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி வடிகட்டி, ஒரு துண்டு சுக்குத் தட்டிப் போட்டு வைத்தேன். பாலில் கலந்து கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்ற பயமும் இதில் இல்லை.

ஞாயிறு ஏழரை மணிக்குத் தட்டை உள்ளே தள்ளினேன். அப்போதுதான் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. அடுத்த நாற்பது நிமிடத்துக்கு எனக்கு வேலையே இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பேப்பரைப் பிரித்தேன். மைனி பால்கனியில் உட்கார்ந்து கீழே வேடிக்கை பார்த்தார். ‘பாம் பாம்’ என்று ஒரு சைக்கிள் போனது. என் கணவர் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு டிபன் இல்லையா?” என்றார். யாரும் நிற்காத அடுப்படியில் டிபன் தயாராகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எட்டேகாலுக்கு ஏழு பேரும் ஒரே நேரத்தில் மேசையில் உட்கார வேண்டும் என்பது என் ஏற்பாடு. தட்டு வைத்தாயிற்று, பாகு வைத்தாயிற்று. அம்மாவை மட்டும் காணோம்.

ஓவன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. ஒரு கையை மேடையில் ஊன்றி, குனிந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவின் நுனிகள் அப்போதுதான் பொன்னிறமாகிக்கொண்டிருந்தன.

“யம்மா, அது தன்னால வேகும். வந்து உக்காரு.”

“வேகட்டும். நான் பாத்துக்கிடுதேன். நீங்க மொதல்ல சாப்பிடுங்க.”

வெந்து வெளியே வந்தால்தானே முதலில் சாப்பிட என்று நான் வாதாடவில்லை. ஓவனுக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அறுபது வருடம் அடுப்பின் முன்னால் நின்றவளுக்கு நாற்பது நிமிடத்தில் புரிந்துவிடுமா? எங்கள் சமையலறையில் நாற்காலி போடும் வழக்கம் கிடையாது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டு போய் ஓவனுக்கு முன்னால் போட்டேன். என்னை ஒரு தரம் பார்த்தாள், நாற்காலியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மறுபடி கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள்.