மலைப்பாதைக்கு எந்த எஞ்சின்?

இலங்கை மலையகப் பாதைக்குப் புதிய எஞ்சின் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் மேசைக்கு வருவது குதிரைவலு. எத்தனை ஆயிரம், எவ்வளவு வேகம் என்று கேட்கிறார்கள். ரம்புக்கனைக்குக் கீழே அந்தக் கேள்வி பொருந்தலாம். நாவலப்பிட்டிக்கு மேலே அது இரண்டாம் கேள்விதான் என்பது அங்கே வேலை செய்யும் பிட்டருக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 44க்கு 1 ஏற்றத்தில் ஒரு தொன்னுக்கு, ஏற்றத்துக்காக மட்டும் 22.7 கிலோ இழுவிசை வேண்டும். அதே இடத்தில் 100 மீற்றர் ஆரையில் வளைவும் சேர்ந்தால், பாகைக்கு 0.4 கிலோ என்ற வழக்கமான கணக்கில் இன்னும் 7 கிலோ. உருளும் தடைக்கு இரண்டரை. ஆகத் தொன்னுக்கு 32 கிலோ. பெட்டிகள் 250 தொன், எஞ்சின் 85 தொன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 10.7 தொன் இழுவிசை தேவை. 1,650 குதிரைவலு எஞ்சின் ஒன்று, இழப்பெல்லாம் போக, இந்தச் சுமையை மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் குறையாமல் மேலே கொண்டுபோகும். அந்த வளைவுகளில் அதற்குமேல் ஓடவும் முடியாது. ஆக, வலு போதும்.

போதாதது சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கும் பிடிமானம். ஆறு அச்சில் நான்கு மட்டும் இழுக்கும் ஏ1ஏ–ஏ1ஏ அமைப்பில், 85 தொன்னில் சுமார் 57 தொன்தான் இழுக்கும் சில்லுகளின் மேல் நிற்கிறது. 10.7ஐ 57ஆல் வகுத்தால் தேவைப்படும் பிடிமான விகிதம் 0.19. தண்டவாளம் காய்ந்திருந்தால் கவலை இல்லை. வட்டவளைப் பக்கம் கொட்டும் மழைகூடப் பரவாயில்லை, அது தண்டவாளத்தைக் கழுவிவிடும். கழுவாமல் நனைக்க மட்டும் செய்கிற தூறலும் மூடுபனியும், நசுங்கிய இலையின் பசையும் சேர்ந்துவிட்டால் 0.15 கிடைப்பதே பெரிது. அம்மீற்றர் முள் துள்ளும், சில்லு நின்ற இடத்திலேயே சுழலும், டிரைவர் விசைப்படியை (நொட்ச்) குறைப்பார், வேகம் விழும். அந்த நேரம் பார்த்து மணற்பெட்டியில் ஈரம் ஏறி மணல் கட்டிப்பட்டுக் கிடந்தால், சிங்கமலைச் சுரங்கத்துக்கு முன்னாலேயே ரயில் நின்றுபோகும்.

இதே சிக்கலை ஜப்பானிய ரயில்வே எப்படிக் கையாண்டது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அங்கே 1966 முதல் 1978 வரை 708 டிஇ10 எஞ்சின்கள் கட்டப்பட்டன. எடை 65 தொன், அச்சுகள் ஐந்து, ஐந்தும் இழுக்கும். அச்சுக்கு 13 தொன்தான் என்பதால் பலவீனமான கிளைப்பாதையிலும் ஓடும். எடை முழுவதும் பிடிமானத்துக்கு உதவும். மூன்று அச்சுள்ள போகியில் ஒவ்வோர் அச்சும் வளைவுக்கேற்பத் தனித்தனியே திரும்பிக்கொடுக்கும். பெரிய பாதைகளுக்கு 1962 முதல் டிடி51 வந்தது, 649 எஞ்சின்கள். டிடி51இல் இரண்டு, டிஇ10இல் ஒன்று என, இரண்டுக்கும் ஒரே டிஎம்எல்61 குடும்பத்து டீசல் எஞ்சின். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின்கள், ஒரே பயிற்சி, ஒரே உதிரிப்பாக அலுமாரி. எந்த ஷெட்டில் நின்றாலும் அதைத் திறக்கத் தெரிந்த கை இருந்தது.

அதே ஜப்பானில் டிடி54 கதை வேறு. இரண்டு டீசல் எஞ்சினுக்குப் பதில் ஒன்று போதும் என்று, 1,820 குதிரைவலு தரும் ஜெர்மன் மைபாக் வடிவமைப்பை உரிமம் பெற்று மிட்சுபிஷி 40 எஞ்சின்கள் கட்டியது. காகிதத்தில் அதுவே சிறந்தது. 1968 ஜூனில் கோயாமா நிலையத்தில் ஓடும் எஞ்சின் ஒன்று, இயக்கத்தண்டு முறிந்து விழுந்ததால், தடம்புரண்டது. கோளாறுகள் தொடர்ந்தன, உரிமம் பெற்ற சிக்கலான வடிவமைப்பில் கைவைத்துத் திருத்துவது அவர்களுக்கே எளிதாக இல்லை. கடைசி எஞ்சின் கட்டி முடிந்தது 1971இல். 1978க்குள் அத்தனையும் ஒதுக்கப்பட்டன. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கே இந்த நிலை என்றால் நம் இரத்மலானை ரயில்வே பட்டறை என்ன செய்யும்?

நம்மிடமும் ஜப்பானிய எஞ்சின் உண்டு. 1979இல் ஹிட்டாச்சி கட்டிய எம்5, ஜெர்மன் எம்.டி.யு. வடிவமைப்பு டீசல் எஞ்சினோடு வந்தது. ஹிட்டாச்சியின் சட்டகம் நிலைத்தது. உள்ளே இருந்த டீசல் எஞ்சினைத்தான் பிற்காலத்தில் மாற்றவேண்டி வந்தது. எம்5ஏ, எம்5பி, எம்5சி என்று பெயர் கிளைத்தது. இருபதுக்கும் குறைவான எஞ்சின்கள் கொண்ட ஒரு வகுப்பு இப்படிப் பிரிந்தால் ஸ்டோர்ஸ்காரர் பாடு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே காலத்தில் தைசன் ஹென்ஷல் கட்டிய எம்6 வந்தது. அதனுள்ளே இருந்தது அமெரிக்க ஈ.எம்.டி. 645, பன்னிரண்டு சிலிண்டர், 1,650 குதிரைவலு. டர்போ இல்லை, ஊதியால் காற்றெடுக்கும் பழைய ஏற்பாடு. பட்டிப்பொலவுக்கு அருகில் 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பாதையின் உச்சியில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் அங்கே அது கரும்புகை தள்ளும். ஆனாலும் மலையைச் சுமந்தது எம்6தான். 1954 முதல் கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எம்2 எஞ்சின்களில் இருந்த 567, இந்த 645க்கு மூத்த சகோதரன். கால் நூற்றாண்டாக 567ஐப் பிரித்துக் கோத்த கைகளுக்கு 645 புதிதாகத் தெரியவில்லை. எம்6இன் வெற்றியில் பாதி அந்தக் கைகளுடையது என்றே நாம் கருதுகிறோம்.

இனி வாங்கப்போகும் எஞ்சினில் ஏசி மோட்டார்கள் இருக்கும், ஒவ்வோர் அச்சின் வழுக்கலையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைகள் இருக்கும். 0.19 கேட்கும் ஏற்றத்தில் அது பெரிய வரம். வரவேற்போம். ஆனால் நானுஓயாவின் பனியில் இரவு முழுதும் நின்று, காலையில் பலகைமேல் நீர்த்துளி படிந்திருக்கும்போது யார் அதைத் திறப்பார்? பழுதைக் காட்டும் மென்பொருளின் கடவுச்சொல் யார் கையில் இருக்கும்? விற்றவரின் பொறியியலாளர் வரும்வரை கொட்டகலைக்கு எண்ணெய் ரயில் காத்திருக்க முடியாது.

ஆகவே கேள்விப்பத்திரம் எழுதுவோரிடம் இந்த இதழ் கேட்பது இதுதான். டீசல் எஞ்சின் குடும்பத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள், குதிரைவலுவைப் பிறகு பார்க்கலாம். வரைபடங்களையும், அவற்றைத் திருத்தும் உரிமையையும், பழுதுகாண் மென்பொருளையும் விலையோடு சேர்த்தே வாங்குங்கள். பயிற்சிக்கு வெளிநாடு போகும் குழுவில் நாவலப்பிட்டி ஷெட் பிட்டர்களுக்கும் இடம் கொடுங்கள். கைந்நூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். ஏற்பதற்கு முன்னான சோதனை ஓட்டத்தை வெயில் காலத்தில் சமவெளியில் முடித்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையில், முழுச் சுமையோடு, வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில் ஏற்றமும் வளைவும் சேரும் இடமொன்றில் நிறுத்தி, பின்தள்ளும் எஞ்சின் இல்லாமல் மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். கிளம்பாவிட்டால் கையெழுத்து வேண்டாம்.