சனிக்கிழமை மாணவர், ஞாயிற்றுக்கிழமை ஊழியர்: அமெரிக்கக் காற்பந்தில் என்னதான் சண்டை?

அமெரிக்கக் காற்பந்து ரசிகரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அங்கே ஞாயிறு இரவு நடக்கும் ஆட்டம் இங்கே திங்கள் காலை எட்டு மணிக்கு மேல்தான் தொடங்கும். ஒரு கண் வேலையில், இன்னொரு கண் மேசைக்கடியில் இருக்கும் கைத்தொலைபேசியில்.

ரசிகர் இல்லையா? பரவாயில்லை, தொடர்ந்து படிக்கலாம். இப்போது அங்கே நடக்கும் சண்டை பந்தைப் பற்றியது இல்லை. வேலை செய்பவரை 'ஊழியர்' என்று அழைக்கலாமா, கூடாதா என்பதைப் பற்றியது.

வாரயிறுதியில் இரண்டு காற்பந்து

அமெரிக்காவில் சனிக்கிழமை கல்லூரி அணிகள் விளையாடும். ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை அணிகள் விளையாடும். தொழில்முறை லீக்கின் பெயர் என்எஃப்எல். அதில் 32 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு 17 ஆட்டங்கள். கல்லூரிப் பக்கம் உச்சப் பிரிவில் மட்டும் 130க்கும் அதிகமான அணிகள்.

கல்லூரி ஆட்டம் என்றதும் நம் ஊர் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியை நினைக்காதீங்க. நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர் அமரலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அரங்கில் 107,601 பேர். எந்த என்எஃப்எல் அணியின் சொந்த அரங்கிலும் அவ்வளவு இருக்கைகள் கிடையாது. சொல்லப்போனால் கல்லூரி ஆட்டம்தான் மூத்தது. முதல் ஆட்டம் 1869இல் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. என்எஃப்எல் பிறந்ததோ 1920இல்.

சனி உனக்கு, ஞாயிறு எனக்கு என்று பிரித்துக்கொண்டது வெறும் பழக்கம் இல்லை. அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. என்எஃப்எல் தன் ஒளிபரப்பு உரிமைகளை மொத்தமாக விற்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி தந்தது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: செப்டம்பரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வெள்ளி இரவையும் சனிக்கிழமையையும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு விட்டுவிட வேண்டும்.

அந்தக் கெடு முடிந்ததும் என்ன நடக்கும்? 2024 டிசம்பரில் கல்லூரி வெற்றியாளர் சுற்றின் முதல் சனிக்கிழமையன்றே என்எஃப்எல் தன் இரண்டு ஆட்டங்களை வைத்தது. இரண்டிலும் தொழில்முறைப் பக்கத்துக்குத்தான் பார்வையாளர்கள் அதிகம், அதுவும் பெரிய வித்தியாசத்தில். 2025இலும் அதே கதை.

பதினெட்டு வயதில் வேறு வழியே இல்லை

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாத எவரையும் என்எஃப்எல் சேர்த்துக்கொள்ளாது. எவ்வளவு திறமை இருந்தாலும் சரி. அந்த மூன்று ஆண்டுகள் எங்கே விளையாடுவது? நடைமுறையில் கல்லூரியில்தான். பேஸ்பாலில் பள்ளியை முடித்ததுமே சம்பளத்துக்கு விளையாடச் சிறிய லீக்குகள் இருக்கின்றன. காற்பந்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு காசு செலவில்லாமல் 32 அணிகளுக்கும் ஆட்களைத் தயார்செய்து கொடுக்கும் பயிற்சிக்கூடம் கல்லூரிதான்.

ஒஹாயோ ஸ்டேட் அணி 2002ஆம் ஆண்டுப் பருவத்தின் வெற்றியாளர் பட்டத்தைப் பெற உதவிய மோரிஸ் கிளாரட், இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் இன்றைய உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சொட்டோமயோர். லீக்கும் விளையாட்டாளர் தொழிற்சங்கமும் பேசி முடிவுசெய்யும் விவகாரங்களில் வயது விதியும் அடங்கும், அதில் போட்டிச் சட்டம் தலையிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

யோசித்துப் பாருங்கள். சங்கம் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசும் மேசையில், சங்கம் இல்லாத இளையர்களின் மூன்று ஆண்டுகள் தீர்மானமாகின்றன.

'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்

1955இல் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக விளையாடிய ரே டெனிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி வேலையிடக் காய இழப்பீடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி காற்பந்து வியாபாரம் செய்யவில்லை, அதனால் அவர் ஊழியர் இல்லை என்றது.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அந்த 1950களில்தான். அமைப்பை நீண்டகாலம் நடத்திய வால்டர் பையர்ஸ் 1995இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் அதை ஒளிக்கவில்லை. விளையாட்டாளர்களைச் சட்டம் ஊழியர்களாகக் கருதிவிடுமோ என்ற பயத்தில் உருவாக்கிய சொல் அது என்று அவரே எழுதினார்.

சாதாரணமாகத் தெரிகிற அந்தச் சொல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சுவர்போல் நின்றது. உபகாரச் சம்பளம் உண்டு. தங்குமிடம், சாப்பாடு உண்டு. அதற்கு மேல் எதுவும் கிடையாது. தன் கையெழுத்தை விற்றால்கூடத் தண்டனை.

சுவர் எப்படி விழுந்தது?

கல்லூரிகளாக மனம் மாறவில்லை, சட்டங்களும் நீதிமன்றங்களும்தான் தள்ளின. விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று கலிஃபோர்னியா 2019இல் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு உச்சவரம்பு வைப்பது செல்லாது என்றார்கள். அடுத்த மாதமே விளம்பர வருமானத்துக்குக் கதவு திறந்தது.

பெரிய மாற்றம் வந்தது 2025 ஜூன் 6ஆம் தேதி. 'ஹவுஸ்' வழக்கின் சமரச உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். முன்னாள் விளையாட்டாளர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 2.8 பில்லியன் டாலர் இழப்பீடு. இனிமேல் கல்லூரிகளே விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர்.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. பணம் வந்துவிட்டது, ஆனால் 'ஊழியர்' என்ற பெயர் இன்னும் வரவில்லை. அந்த உச்சவரம்பை விளையாட்டாளர் சங்கம் எதுவும் பேரம் பேசி முடிவுசெய்யவில்லை. வழக்கறிஞர்களும் என்சிஏஏயும் பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளும் சேர்ந்து போட்ட கணக்கு அது. பணத்தின் பெரும்பகுதி காற்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண் விளையாட்டாளர்கள் சிலர் சமவாய்ப்புச் சட்டத்தைக் காட்டி மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.

யார் பேராசைக்காரர்?

"பணம் வந்ததும் கல்லூரி ஆட்டத்தின் உயிரே போச்சு" என்று அமெரிக்க ரசிகர்கள் புலம்புவதை நீங்கள் இணையத்தில் நிறையப் பார்த்திருப்பீங்க. எனக்கும் அந்த ஏக்கம் புரிகிறது. கல்லூரி ஆட்டத்தின் வாத்தியக்குழு, நூறாண்டுப் பகை, ஊரே ஒரே நிறத்தில் நிற்பது, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் கிடைக்காது. ஆனால் புலம்பலின் விரல் தவறான ஆளைக் காட்டுகிறது.

டென்னசி பல்கலைக்கழகத்தின் முதன்மை குவார்ட்டர்பேக் நிக்கோ இயாமலேயாவா 2025 ஏப்ரலில் அணியைவிட்டு யூசிஎல்ஏவுக்குப் போனார். சம்பளப் பேச்சு முறிந்ததுதான் காரணம் என்று ஊடகங்கள் எழுதின. அவர் அதை மறுத்தார். விசுவாசம் இல்லாதவர் என்று வாரக்கணக்கில் திட்டு வாங்கினார்.

இப்போது பயிற்றுவிப்பாளர் பக்கம் வாங்க. லேன் கிஃபின் வழிநடத்திய ஓல் மிஸ் அணி 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 ஆட்டங்களில் 11ஐ வென்றது. வெற்றியாளர் சுற்று தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது அவர் போட்டி அணியான எல்எஸ்யூவுக்குத் தாவினார். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 13 மில்லியன் டாலர். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கும் அதிகம். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

பணம் எப்போதும் இருந்தது. அது யார் கைக்குப் போனது என்பதுதான் மாறியிருக்கிறது.

கல்லூரிகளின் தாவலும் சாதாரணமானதில்லை. ஒளிபரப்புப் பணத்தைத் துரத்தியதில், நூறாண்டுக்கும் மேல் பழமையான பசிஃபிக் கரைக் கூட்டமைப்பிலிருந்து 2024இல் பத்து கல்லூரிகள் ஒரே நேரத்தில் வெளியேறின. மிஞ்சியது இரண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்ட் இப்போது 'அட்லாண்டிக் கரை'க் கூட்டமைப்பில் இருக்கிறது. 'பிக் டென்' கூட்டமைப்பில் 18 கல்லூரிகள். (அமெரிக்கர்களுக்குக் கணக்கு வராது என்று நான் சொல்லவில்லை.)

சிரிப்பாக இருந்தாலும் அதன் சுமையைத் தூக்குவது யார் தெரியுமா? லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யூசிஎல்ஏயும் நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸும் இப்போது ஒரே கூட்டமைப்பு. இடைவெளி சுமார் 4,000 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிட அதிகம். காற்பந்து அணி பருவத்துக்குச் சில முறை தனி விமானத்தில் போய் வந்துவிடும். வாலிபால், சாஃப்ட்பால் விளையாடுபவர்கள் வாரநாளில் வகுப்பை விட்டுவிட்டுப் பறக்கிறார்கள். பங்குப் பணமும் அவர்களுக்குப் பெரிதாக வருவதில்லை.

ஞாயிறு ஏன் அமைதியாக இருக்கிறது?

என்எஃப்எல் விளையாட்டாளர் சங்கம் 1956இல் தொடங்கியது. 2020ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி லீக் வருமானத்தில் குறைந்தது 48 விழுக்காடு விளையாட்டாளர்களுக்கு. 2025இல் புதிதாகச் சேர்ந்தவரின் குறைந்தபட்சச் சம்பளம் 840,000 டாலர். எப்போது அணி மாறலாம், பயிற்சி எத்தனை மணி நேரம், காயம்பட்டால் என்ன கிடைக்கும், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அது சொர்க்கம் இல்லை. பல ஒப்பந்தங்களின் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது. சங்கமே சொல்லும் கணக்குப்படி சராசரி விளையாட்டு வாழ்க்கை சுமார் மூன்று ஆண்டுதான். இருந்தாலும் விதி பிடிக்கவில்லை என்றால் அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்கலாம்.

கல்லூரியில் கேட்க இடமே இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் காற்பந்து அணி 2014இல் சங்கம் அமைக்கப் பார்த்தது. அவர்கள் ஊழியர்கள்தான் என்று வட்டார அதிகாரி ஒருவர் ஏற்றார். அடுத்த ஆண்டு தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், இது தன் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

இதில் இன்னொரு கணக்கையும் மறக்கக்கூடாது. என்சிஏஏயின் சொந்த மதிப்பீட்டிலேயே கல்லூரிக் காற்பந்து விளையாடுபவர்களில் 100க்கு இரண்டு பேர்கூட என்எஃப்எல் போவதில்லை. மீதிப் பேருக்குச் சனிக்கிழமைதான் முழு விளையாட்டு வாழ்க்கையும். தலையில் விழும் அடி மட்டும் இரண்டு நாளும் ஒன்றுதான்.

அடுத்து என்ன?

2025 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 'ஸ்கோர்' மசோதா காத்திருந்தது. என்சிஏஏக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து பாதுகாப்புக் கொடுக்கும் மசோதா அது. விளையாட்டாளர்கள் ஊழியர்கள் இல்லை என்பதையும் சட்டமாக்கும். கல்லூரிகள் அதை ஒழுங்கு என்கின்றன. தொழிலாளர் அமைப்புகள் எதிர்க்கின்றன. நிறைவேறினால், 1957இல் டெனிசன் குடும்பத்துக்குக் கிடைத்த பதில் நாடு முழுவதற்குமான பதிலாகிவிடும்.

அதற்காக ஆட்டம் நிற்கவில்லை. பழைய பயிற்றுவிப்பாளர் இல்லாத ஓல் மிஸ் வெற்றியாளர் சுற்றில் துலேனைச் சந்தித்தது அமெரிக்காவில் 2025 டிசம்பர் 20, சனிக்கிழமை. நமக்கு ஞாயிறு விடியற்காலை 4.30 மணி.