லாலி காட்டிக்கொடுத்தாரா?

1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது ஏன் என்று கேட்டால் பலருக்கும் வாயில் வருவது ஒரு பெயர்தான்: பிரெஞ்சுத் தளபதி லாலி. பாரிஸ் நீதிமன்றமும் அவரைத் துரோகி என்று தீர்மானித்து, 1766 மே 9 அன்று தலையை வெட்டியது. போகிற வழியில் பேசிவிடக் கூடாதென்று வாயை அடைத்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள். இந்தத் துரோகப் பழி அபாண்டம்.

விலைபோனார் என்கிறார்கள். விலைபோனவர் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்குவானேன்? ஊருக்குள் யானை, ஒட்டகம், நாய் என்று கிடைத்ததையெல்லாம் அடித்துத் தின்று தீர்த்த பிறகே கோட்டை கைமாறியது. கைதியாக இங்கிலாந்து போனவர், பதில் சொல்லியே தீர்வேன் என்று தாமாகவே பிரான்சுக்குத் திரும்பி, பாஸ்டீல் சிறைக்குள் நடந்து போனார்.

அவர் ஆணவத்தால்தான் எல்லாம் தோற்றது என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஆணவம் உண்டு. ஐதராபாத்திலிருந்து பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைத் திருப்பி அழைத்ததும் பெரும் பிழை. ஆனால் கஜானா காலி. 1759 அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காகப் பிரெஞ்சுப் படைவீரர்களே கலகம் செய்தார்கள். அதற்கு முந்தைய மாதம் மொரீசியஸுக்குக் கப்பல்களை ஓட்டிப்போன கடற்படைத் தளபதி தாஷே திரும்பி வரவே இல்லை. கடலும் காசும் கைவிட்ட படைதான் 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் நின்றது.

பணம் எங்கே போனது என்று எழுதிவைத்தவர் ஒருவர் இருந்தார்: அரசரின் படைக் கணக்கு அதிகாரி துபுவா. எழுபதை நெருங்கிய வயது, மங்கிய கண்பார்வை. தோற்ற லாலி பல்லக்கில் வெளியேறியபோது கோட்டை வாசலில் கூடிநின்று வசைபாடிய பிரெஞ்சுக் கூட்டம், சற்று நேரத்தில் பின்னால் வந்த துபுவாவை மறித்தது. ஒருவன் வாளை உருவினான். இரண்டாவது வீச்சில் கிழவர் பிணமானார். அடக்கம் செய்யக்கூட யாரும் முன்வரவில்லை. அவர் எழுதிவைத்த தாள்கள் பறிபோயின. பிறகு யார் கண்ணிலும் படவில்லை. லாலிதான் ஊரை விற்றார் என்றால், அந்தத் தாள்களுக்கு அஞ்சியது யார்?

லாலியை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. தஞ்சைப் படையெடுப்பில் கீழ்வேளூர்க் கோயிலுக்குள் புகுந்து, குளத்தைத் தோண்டிப் புதையல் தேடினார். ஆறு அந்தணர்களை ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். சாதி பாராமல் ஊராரைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். முற்றுகையின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பெண்டு பிள்ளைகளோடு கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயரும் விரட்ட, இரு படைகளுக்கும் நடுவே புல்வேரைத் தின்று கிடந்தார்கள் அந்த ஜனங்கள்.

துரோகத் தீர்ப்பை 1778-இல் பிரெஞ்சு அரசவையே ரத்து செய்தது. புதுச்சேரி வரலாறு எழுதுகிறவர்கள் இனியாவது அந்தப் பழியை விட்டுவிட்டு, இங்கே நம் ஜனங்களுக்கு அவர் செய்ததை அவர் கணக்கில் எழுத வேண்டும்.