குளிர் எவ்வழி போயிற்று?

சித்திரை வெயிலில் காருக்குள் ஏறியதும் நம் கை முதலில் நாடுவது குளிரூட்டியின் ஆளியையே. அதனைத் திருப்பியும் வெறுங்காற்றே வீசுமாயின், கராஜுக்குச் சென்று, “காஸ் முடிந்துவிட்டது, நிரப்பித் தாருங்கள்” என்று கூறுவது பலருடைய வழக்கம். பணம் கைமாறுகின்றது, குளிரும் வருகின்றது. சில மாதங்களில் அது மீண்டும் மறைகின்றது, மீண்டும் பணம்! இவ்வாறு ஒரே குறைக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டும் குடும்பங்கள் எத்தனை!

பெற்றோல் எரிந்து தீர்வதுபோலக் குளிரூட்டும் வாயு தீர்வதில்லை என்பதை வாசகர்கள் முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கையில் ஓடிக்கொலோன் தடவினால் குளிர்கின்றதன்றோ? திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதே அதற்குக் காரணம். காரிலும் அதுவே நிகழ்கின்றது. இன்று பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண அமுக்கத்தில், பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆசனங்களுக்கு முன்னாலுள்ள பலகையின் பின்னே இருக்கும் ஆவியாக்கியில் அது ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை ஏற்கின்றது. அமுக்கி அதனை நெருக்கி, காரின் முகப்பிலுள்ள ஒடுக்கிக்கு அனுப்புகின்றது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, மீண்டும் தன் சுற்றைத் தொடங்குகின்றது. மூடிய இந்தச் சுற்றில் வாயு குறைந்ததெனின், அது வெளியேறிவிட்டது என்பதே பொருள். இறப்பர்க் குழாய்களினூடே பல ஆண்டுகளிற் சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் ஆண்டுக்கொரு முறை நிரப்ப வேண்டியிருப்பின், எங்கோ ஓட்டை உண்டென்பது திண்ணம்.

அது எங்கே? ஒடுக்கி முகப்பில் இருப்பதால் வீதியிலிருந்து தெறிக்கும் கற்கள் அதனைத் தாக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அரிக்கும். குழாய்கள் பொருந்தும் இடங்களிலுள்ள இறப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகிப் பயனிழக்கும். வாயு நிரப்பும் வாயில்களில் ரயர் வால்வு போன்ற சிறு வால்வுகள் உள்ளன, அவையும் கசிவதுண்டு. அமுக்கியின் அச்சுத் தண்டைச் சூழ்ந்த அடைப்புத் தேய்வதுமுண்டு. எல்லாவற்றிலும் தொல்லையானது ஆவியாக்கியின் கசிவு. பலகையைக் கழற்றினாலன்றி அதனைத் தொட முடியாது.

ஆராய்ச்சியைக் கண்ணிலிருந்தே தொடங்கலாம். வாயுவோடு எண்ணெயும் சுற்றி ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்க் கறையும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் காணப்படும். காரின் கீழே சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது காற்றின் ஈரப்பதன் குளிர்ந்து வடிவதேயாம். மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவினால் பெருங்கசிவு குமிழியிடும். நுண்கசிவு அதற்கு அகப்படாது. அதனை அறிய மின்னியற் கருவி உண்டு. இவ்வாயு காற்றிலும் பாரமானது. ஆதலால் கருவியின் நுனியை மூட்டுகளின் கீழ்ப்புறத்தே மெல்ல நகர்த்துதல் வேண்டும். நீர் வடியும் குழாயின் வாயிற் பிடித்தால் ஆவியாக்கியின் கசிவும் வெளிப்படும். இன்னொரு முறை, சாயமொன்றை உட்செலுத்திச் சில நாள் காரை ஓட்டியபின் கழியூதா ஒளியிற் பார்த்தலாகும்; கசிந்த இடம் பசுமஞ்சளாக ஒளிரும். வாயு முற்றும் போயிருப்பின், உலர்ந்த நைதரசனை அமுக்கத்தோடு செலுத்திச் சோதிப்பர். ஒட்சிசனை ஒருபோதும் செலுத்தலாகாது. எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக்கூடும்.

ஓட்டை தெரிந்தபின் செய்ய வேண்டியவை இவை: எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாது உருளையிற் சேர்த்தல், பழுதான பகுதியையும், அங்குள்ள வளையங்களையும், சுற்று நெடுநாள் திறந்து கிடந்திருப்பின் ஈரம் உறிஞ்சும் வடிகலத்தையும் மாற்றுதல், பின்னர் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வெற்றிடமாக்குதல். உள்ளே ஈரம் எஞ்சினால் அமிலம் தோன்றி உலோகத்தை அரிக்கும். சிறு துவாரத்தில் உறைந்து வழியையும் அடைக்கும். வெற்றிடம் நிலைத்து நிற்பதைக் கண்டபின், எஞ்சின் மூடியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டிற் குறித்த நிறைப்படி வாயுவை நிறுத்து நிரப்புதல் வேண்டும். ஹைபிரிட் கார்களில் மின்னால் இயங்கும் அமுக்கிக்கு வேறு வகை எண்ணெய் உரியது. அதனை மாற்றி ஊற்றினால் அமுக்கியே பழுதாகும்.

மலிவென்று எண்ணிச் சமையல் வாயுவை நிரப்புவோரும் உளர். இது பெருந்தீங்கு. ஆவியாக்கி கசிந்தால் அவ்வாயு குழந்தைகள் அமர்ந்திருக்கும் இடத்தே நிறையும். ஒரு பொறியே போதும். ஓட்டையைத் தானே அடைக்கும் என விற்கப்படும் திரவங்களும் நுண்வழிகளை அடைத்து, செலவைப் பெருக்கக்கூடும். வீட்டில் தாமே மூட்டுகளைத் தளர்த்த முயல்வதும் தகாது. பீறிடும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும்.

இஃது ஒரு வீட்டின் செலவோடு முடிவதன்று. முன்னாட் கார்களில் நிரப்பிய ஆர்-12 போன்ற வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைக்கும் என 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. எனினும் அதன் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில், ஏறக்குறைய 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடாகப் புவியை வெப்பமாக்கும். ஒரு காரின் அரைக்கிலோ வீணாய்ப் போவது சிறு காரியமோ?

ஆகவே, அடுத்த முறை “காஸ் நிரப்புங்கள்” என்பதற்கு முன், “கசிவு எங்கே? கண்டுபிடித்துக் காட்டுங்கள்” என்று கேட்போமாக. மாற்றிய பழைய பகுதியையும், நிரப்பிய நிறையையும் கேட்டறிவோமாக. நல்ல தொழிலாளி இக்கேள்விகளை வெறுக்கமாட்டார். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவரை நாம் நகைக்கிறோம். ஓட்டைக் குழாயில் வாயு வார்ப்பதும் அத்தகையதே.